ஆறாம் அதிகாரம்: வீட்டுச் சவர்க்காரம் விரைந்து கரையாதிருக்க

கையால் வார்த்த சவர்க்காரக் கட்டியை, அதைத் தேய்த்துக் குளிப்பவர் கரைப்பதைக் காட்டிலும், அவர் குளித்துவிட்டுப் போன பின் அது கிடக்கும் ஈரமே அதிகமாகக் கரைக்கிறது என்னும் உண்மையை இந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். இனி இங்கே கூறப்படும் உபாயங்கள் யாவும் அந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைத்தவை. எண்ணெயை நிறுத்து, காரத்தைக் கரைத்து, வாரக்கணக்கில் பொறுமையோடு காத்திருந்து ஒரு குடும்பம் உண்டாக்கிய கட்டி, குளிக்கும் பீலியின் கரைக் கல்லின்மேல் சில நாட்களிலேயே கூழாகி வழிந்தோடுமானால், அதனோடு வழிந்தோடுவது அந்தக் குடும்பத்தின் உழைப்பும் பணமுமே. 2022ஆம் வருஷத்துப் பொருளாதார நெருக்கடியில் கடைச் சவர்க்காரத்தின் விலை மளமளவென்று ஏறியபோது, நாட்சம்பளத்தை நம்பி வாழும் தோட்டத்துக் குடும்பங்கள் பட்ட சிரமத்தை அறிந்தவர்களுக்கு, ஒரு கட்டி பத்து நாட்கள் கூடுதலாக உழைப்பதன் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலைச் சவர்க்காரத்துக்கும் வீட்டுச் சவர்க்காரத்துக்கும் உள்ள பேதத்தை அறியாதவர்கள், முன்னதை வைத்த இடத்திலேயே பின்னதையும் வைத்துவிட்டு, அது இளகியதும் வீட்டில் செய்தது உதவாது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். எண்ணெயும் காரமும் கூடும்போது, சவர்க்காரத்தோடு கிளிசரின் என்னும் பிசுபிசுப்பான திரவமும் உடன் பிறக்கிறது. பெரிய ஆலைகள், அதற்கு மருந்து முதலிய வேறு தொழில்களில் நல்ல விலை கிடைப்பதனால், உப்பு நீரைக்கொண்டு அதைப் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய சவர்க்காரத்தை உலர்த்தி, இயந்திரத்தால் இறுக அழுத்திக் கட்டியாக்குகின்றன. வீட்டில் வார்ப்பதிலோ அந்தக் கிளிசரின் முழுவதும் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சருமத்தை வறளவிடாமல் மிருதுவாக வைப்பது அதன் நற்குணம். காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்வதும் அதே வஸ்துவின் சுபாவம். ஆகவே, வீட்டுச் சவர்க்காரத்தின் சிறப்பை அநுபவிக்க விரும்புகிறவர்கள், அதனை ஈரத்திலிருந்து காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளவே வேண்டும்.

மலைநாட்டின் சீதோஷ்ணம்

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில், வருஷத்தின் சராசரி உஷ்ணம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸாக இருக்கும் நுவரெலியாவிலும், அதற்குச் சுமார் 600 மீற்றர் தாழ்வில் உள்ள ஹட்டனிலும், இந்தப் பொறுப்பு சமவெளியில் இருப்பதைவிடப் பெரிது. மே மாசம் தொடங்கிச் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவின்மீது நேராக மோதுவதனால், கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய பக்கங்களில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்; கொடியில் போட்ட துணியே நாட்கணக்கில் உலராத அக்காலத்தில் கட்டிச் சவர்க்காரம் மட்டும் உலரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதிலும், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் கட்டப்பட்ட பழைய லயக்காம்பராவில், ஒரே சிறு சாளரத்தின் துணையோடு அடுப்பும் படுக்கையும் நனைந்த கம்பளியும் ஒன்றாய் இருக்க வேண்டியிருப்பதால், வெளியிலுள்ள ஈரத்தோடு உள்ளே உண்டாகும் ஈரமும் சேர்ந்துகொள்கிறது.

ஆனாலும், இந்த மலைகளுக்கு வறண்ட பருவமும் உண்டு. அதனைத் தோட்டத்து மக்கள் தேயிலையின் வழியாகவே நன்கு அறிவார்கள். திம்புள்ள, டிக்கோயா பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும்போதும், மலைத்தொடரின் மறுபுறமான ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை உலர்காற்று வீசும்போதும் அந்தந்தப் பக்கத்தின் மிக உயர்ந்த தேயிலை கிடைக்கிறது. எந்தக் காற்று கொழுந்துக்கு மணத்தைக் கொடுக்கிறதோ, அதே காற்று சவர்க்காரத்துக்கு உறுதியைக் கொடுக்கும். எனவே, தம் தோட்டத்தில் தரமான தேயிலை எந்த மாசங்களில் கிடைக்கிறது என்பதைக் கேட்டறிந்து, அந்த மாசங்களில் வருஷத் தேவைக்கான சவர்க்காரத்தை வார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வார்க்கும்போதே கவனிக்க வேண்டியவை

கட்டியின் ஆயுளில் ஒரு பாதி, அது அச்சில் ஊற்றப்படுமுன்பே நிச்சயமாகிவிடுகிறது. நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் தேங்காயெண்ணெய், கல்லைப்போல் இறுகும் சவர்க்காரத்தைத் தரும். குளிர்ந்த நீரிலும் அதில் நுரை ஏராளமாக எழும். ஆனால் அதில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லோரிக் அமிலத்திலிருந்து பிறக்கும் சவர்க்காரம் நீரில் மிக எளிதில் கரையும் இயல்புடையது. கடல் நீரிலும் நுரைக்கும் என்பதனால் கப்பலோட்டிகள் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தை விரும்பியதும் இக்காரணத்தினாலேயே. இறுக்கம் ஒன்று, கரையாமை வேறொன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பாம் எண்ணெய், இலுப்பெண்ணெய் போன்றவற்றில் உள்ள பாமிற்றிக், ஸ்டியரிக் அமிலங்களோ மெதுவாகக் கரையும் சவர்க்காரத்தைத் தருவன. ஆகையால் அந்த எண்ணெய்களுள் ஒன்றைத் தேங்காயெண்ணெயோடு கலந்தால் நுரையும் நீடிப்பும் ஒருங்கே கிடைக்கும். நல்லெண்ணெயைச் சிறிதளவுக்கு மேல் சேர்க்கலாகாது; கட்டி மிருதுவாகி, விரைவில் சிக்கு நாற்றம் பிடித்துவிடும்.

ஒரு கிலோ எண்ணெய்க்கு உதாரணமாக ஒரு கலவை கூறலாம்: தேங்காயெண்ணெய் 700 கிராம், பாம் எண்ணெய் 250 கிராம், ஆமணக்கெண்ணெய் 50 கிராம், இதற்குக் காரமாகக் காஸ்டிக் சோடா 160 கிராம், தண்ணீர் 320 கிராம். இந்த அளவில் எண்ணெயில் ஒரு சிறு பங்கு காரத்தோடு சேராமல் எஞ்சி நின்று சருமத்தைக் காக்கும். 2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்கு அரசாங்கம் தடை விதித்ததையும் நாம் கண்டிருக்கிறோம். ஆதலால் அது எக்காலத்திலும் கடையில் கிடைக்குமென்று நம்பியிருத்தல் கூடாது. அது கிடைக்காத காலத்தில் முழுவதும் தேங்காயெண்ணெயையே கொண்டு, காரத்தை அதே 160 கிராமில் நிறுத்திக்கொண்டால், எட்டில் ஒரு பங்களவு எண்ணெய் மிஞ்சி, தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்துக்கு இயல்பான வறட்சியைத் தணிக்கும். வேறு எந்த எண்ணெயை மாற்றினாலும் அதற்குரிய கார அளவைப் புதிதாகக் கணக்கிட்டே தீர வேண்டும். தண்ணீரில் காரத்தைப் போடுமுன் பத்துக் கிராம் தூய உப்பைக் கரைத்துக்கொண்டால் கட்டி சீக்கிரம் இறுகும். காரத்தைத் தண்ணீரில் தூவ வேண்டுமேயன்றி, காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றுவது பேராபத்து. அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகள் வராத திறந்த இடத்தில் இருந்தே இதனைச் செய்ய வேண்டும்.

மலைநாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும் வஸ்து. நுவரெலியாவில் அது போத்தலிலேயே வெண்ணிறமாய் உறைந்து நிற்பதை யாவரும் அறிவர். குளிர்ந்த எண்ணெயில் காரநீரை ஊற்றிக் கிளறினால், இரண்டும் கூடுமுன்பே எண்ணெய் உறையத் தொடங்கி, கலவை பதமாகக் கெட்டிப்பட்டதுபோல் தோன்றும். அதை நம்பி அச்சில் ஊற்றியவருக்கு, ஒருபுறம் எண்ணெயும் மறுபுறம் காரமுமாகப் பிரிந்து, தொட்டால் உதிரும் கட்டியே கிடைக்கும். ஆகவே எண்ணெயையும் காரநீரையும் 40 பாகை அளவில், கை பொறுக்கும் இளஞ்சூட்டில் கலந்து, கலவை கூழ்போல் தடித்துக் கரண்டியின் தடம் மேலே நிலைத்து நிற்கும்வரை கிளறி, அச்சில் ஊற்றியபின் பழைய கம்பளியாலோ சாக்காலோ ஒரு நாள் முழுவதும் மூடி வைக்க வேண்டும். உள்ளே உண்டாகும் உஷ்ணம் வெளியேறாமல் நின்றால் காரம் மிச்சமின்றி எண்ணெயோடு கூடிக் கட்டி சீராக இறுகும்.

ஆற வைக்கும் முறை

அச்சிலிருந்து எடுத்து அறுத்த சவர்க்காரத்தில், நாம் ஊற்றிய தண்ணீரின் பெரும்பகுதி இன்னும் மறைந்தே இருக்கிறது. அது வெளியேற வெளியேறத்தான் கட்டியின் உள்ளமைப்பு நெருங்கி உறுதிப்படும். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே உபயோகத்துக்கு எடுக்கும் கட்டி, ஆறிய கட்டியின் ஆயுளில் ஒரு சிறு பங்கைக்கூடக் காணாது. தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தைக் கம்பிவலைத் தட்டின்மேல் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்தி வாட்டுவதைக் கண்டவர்கள் இக்காரியத்தின் முழு இரகசியத்தையும் கண்டவர்களே: கொழுந்துக்கு எப்படி மேலும் கீழும் காற்றோட்டம் வேண்டுமோ, அப்படியே சவர்க்காரத்துக்கும் எல்லாப் பக்கத்திலும் காற்று பட வேண்டும்.

ஆகையால் மூங்கிற் சிம்புகளை இடைவெளி விட்டுப் பரப்பி, அதன்மேல் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டு விரல் தூரத்தில் நிறுத்தி வைத்து, வாரத்துக்கு ஒரு முறை புரட்டி வைக்க வேண்டும். இரும்புத் தகட்டின்மேல் வைத்தால் துரு ஏறுவதோடு, கட்டியில் எஞ்சிய எண்ணெயும் சீக்கிரம் கெடும். வெயிலில் காயவைப்பதும் கூடாது. மேற்புறம் மட்டும் வறண்டு வெடித்து, உள்ளே ஈரம் அடைபட்டு நிற்கும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள பரண் வறட்சியான இடந்தான். என்றாலும் புகையும் தாளிப்பு வாசனையும் கட்டியில் ஏறிவிடும் என்பதனால், அடுப்புச் சுவரின் மறுபுறத்தில், அந்தச் சுவரின் கதகதப்பு படும் உயரமான இடமே உத்தமம். இஸ்தோப்பில் வைப்பவர்கள் சாரல் அடிக்காத மூலையைத் தேர்ந்து, இரவில் மூடுபனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

எத்தனை நாள் ஆற வேண்டும் என்பதற்கு நாட்காட்டியைவிடத் தராசு நம்பத்தக்க சாட்சி. ஒரு கட்டியை அடையாளமிட்டு வாரந்தோறும் நிறுத்து எழுதி வந்தால், எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அடுத்தடுத்த இரு வாரங்களில் ஒரே எடை காணப்படுமானால் கட்டி ஆறியதென்று கொள்ளலாம். வறண்ட பருவத்தில் ஆறு வாரங்கள் போதும். மழைக்காலத்தில் எட்டு முதல் பத்து வாரங்கள் ஆகக்கூடும். கடும் மூடுபனிக் காலத்தில் எடை குறையாததோடு கூடுவதும் உண்டு. அப்போது மனந்தளராமல், காற்று வறளும்வரை பொறுத்திருப்பதே வழி.

ஆறிய பின் முறை தலைகீழாக மாறுகிறது. அதுவரை காற்று வேண்டியிருந்த கட்டிக்கு இனிக் காற்றிலுள்ள ஈரமே பகை. ஆதலால் ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, இறுகிய மூடியுள்ள பெட்டியில் அடுக்கி, வறண்ட நாள் பார்த்து மாசத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து வைக்க வேண்டும். ஆறாத கட்டியை இவ்வாறு மூடி வைப்பதும், ஆறிய கட்டியை மழைக்காலத்தில் திறந்து வைப்பதும் ஒரே அளவு கேடு விளைவிக்கும்.

குளிக்கும் இடத்தில்

எவ்வளவு சிரத்தையோடு வார்த்து ஆற வைத்த கட்டியும், குளிக்கும் இடத்தில் ஒழுங்கு இல்லையானால் வீணே. பீலியில் தண்ணீர் இடைவிடாமல் விழுந்துகொண்டிருப்பதனால், பக்கத்துக் கல்லில் வைத்த சவர்க்காரத்தின்மேல் துளிகள் தெறித்துக்கொண்டே இருக்கின்றன. குளிப்பவர் கையில் எடுக்காத நேரத்திலும் அது கரைந்துகொண்டே இருக்கிறது. எனவே, தெறிநீர் எட்டாத உயரத்தில் ஓரிடத்தை முதலில் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு பாதித் தேங்காய்ச் சிரட்டையின் அடியில் நான்கைந்து துளைகள் இட்டு, உள்ளே சிறிது தும்பைப் பரப்பி, கயிறு கட்டித் தொங்கவிட்டால், காசு செலவில்லாத மிகச் சிறந்த சவர்க்காரத் தட்டு கிடைத்துவிடும். நீர் கீழே வடியும், தும்பின் இடுக்குகளால் அடிப்பக்கத்துக்கும் காற்று கிடைக்கும். துளையில்லாத பிளாஸ்டிக் பெட்டி, தட்டுக்குப் பதில் கட்டியைக் கொல்லும் குளமாகவே அமைகிறது.

பெரிய கட்டியை முழுதாகக் குளிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாமல், மூன்றாக அறுத்து ஒரு வேளைக்கு ஒரு துண்டை மட்டும் எடுப்பது இரண்டாவது விதி. ஐந்தாறு பேர் உள்ள வீட்டில், விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தொடும் கட்டி, மாலையில் மறுபடி நனையும்வரை முழுவதும் உலர்வதேயில்லை. ஆகவே காலைக்கு ஒரு துண்டும் மாலைக்கு ஒரு துண்டுமாக இரண்டை மாற்றி மாற்றி எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். இந்த அதிகாரத்திலுள்ள யோசனைகளில் ஒன்றை மட்டுமே கைக்கொள்ள இயலும் என்பவர்கள், இதனையே கைக்கொள்வார்களாக. உபயோகித்த பின் மேலுள்ள கூழை ஒரு கை நீரால் கழுவிவிட்டு, படுக்க வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி வைத்தால் இருபக்கமும் சமமாக உலரும்.

குளிரின் காரணமாக வெந்நீரில் ஸ்நானம் செய்வது இப்பிரதேசத்தில் இன்றியமையாதது. ஆனால் உஷ்ணம் ஏற ஏறச் சவர்க்காரம் வேகமாகக் கரையும். வெந்நீரை உடம்புக்கு ஊற்றிக்கொண்டு, கட்டியை மட்டும் குளிர்ந்த நீரில் நனைத்து, நேராக உடம்பில் தேய்க்காமல் பீர்க்கங்கூட்டிலோ பருத்தித் துணியிலோ இரண்டு மூன்று முறை தேய்த்து எடுத்தால், அந்தத் துணியிலேயே உடம்பு முழுவதற்கும் போதுமான நுரை எழும். இதற்கு நம் மலை நீரும் துணை நிற்கிறது. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிவரும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் வன்மையானது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தின் ஒரு பகுதியை நுரைக்கவிடாமல் வெண்திரையாக மாற்றிவிடும். பழம்பாறைகளின்மேல் ஓடிவரும் மலைநாட்டு ஊற்று நீரோ மென்மையானது. அங்கே வேண்டிய அளவு இங்கே வேண்டியதில்லை. மென்னீரில் குளித்தபின் உடம்பில் வழுவழுப்பு சற்றே தங்குவதும் இயல்பு. அழுக்குப் போகவில்லையென்று எண்ணி மறுபடியும் சவர்க்காரம் இடுவது அனாவசியம்.

எஞ்சிய துண்டுகளும் கட்டியின் குறிகளும்

தேய்ந்து மெலிந்த துண்டை எறிந்துவிடாமல், புதிய துண்டு நனைந்திருக்கும்போது இரண்டையும் சேர்த்து அழுத்தி உலரவிட்டால் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் உதவாத சிறு சிதறல்களை வெங்காயம் வரும் வலைப்பையில் இட்டுக் கட்டிக் கைகழுவும் இடத்தில் தொங்கவிடலாம். மழைக்காலத்தில் மலைக்குப் போகுமுன் அட்டை ஏறாதிருக்கக் காலில் பூசிக்கொள்ளவும் அவையே போதும்.

ஆற வைத்த கட்டியின்மேல் முத்துமுத்தாக நீர்த்துளிகள் தோன்றினால் அது கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டாம். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்ததன் அடையாளம் அது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் நீங்கும். வெண்பொடி படிந்தாற்போல் காணப்படுவது, குளிரில் மெதுவாகக் கூடிய காரம் காற்றோடு சேர்ந்ததனால் உண்டானது. அதைச் சுரண்டியோ கழுவியோ நீக்கலாம். செம்மஞ்சட் புள்ளிகளும் சிக்கு நாற்றமும் தோன்றுமானால் எண்ணெய் கெடத் தொடங்கியதென்று பொருள். அத்தகைய கட்டியை மற்றவற்றினின்று பிரித்து, துணி துவைக்க முதலில் செலவிட்டுவிட வேண்டும்.

வருஷ ஒழுங்கு

இவற்றையெல்லாம் காலத்தோடு பொருத்தினால் காரியம் சுலபமாகிவிடும். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தவர்கள் தைப்பொங்கல் முடிந்ததும் வார்த்துவிட்டால், மார்ச் மாசம் முழுவதும் வறண்ட காற்றில் கட்டிகள் ஆறி, சித்திரைப் புத்தாண்டுக்கு முதற்கட்டி உபயோகத்துக்கு வரும். மே மாசத்து மழை தொடங்குமுன் மற்றவை பெட்டிக்குள் சேர்ந்துவிடும். இராகலை, உடப்புசல்லாவை முதலிய கிழக்குப் பக்கத்தவர்களுக்கு, வடகீழ்ப் பருவமழை மார்கழி, தை மாசங்களில் வலுக்கும் என்பதனால், ஜூலையில் வார்த்துச் செப்டெம்பருக்குள் ஆற வைப்பது பொருந்தும்.

முடிவாக ஒன்று கூற வேண்டும். சிக்கனம் என்பதற்குக் குறைவாகக் கழுவுதல் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. நாள் முழுவதும் மலையில் நின்று, மருந்தடித்த செடிகளிலும் கொழுந்தின் கறையிலும் புழங்கிய கைகள், குழந்தைக்குச் சோறூட்டுமுன் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவப்படவே வேண்டும். அந்த இடத்தில் கணக்குப் பார்ப்பது நோயை விலைக்கு வாங்குவதாகும். கல்லின்மேல் ஒருவருக்கும் பிரயோஜனமின்றிக் கரைந்தோடும் சவர்க்காரத்தை மிச்சப்படுத்துகிறவர்களே, கைகழுவும் வேளையில் தயக்கமின்றித் தாராளமாக எடுத்துக்கொள்ள முடியும்.